யார் கொடுத்த பால்?

சீர்காழிக் குளக்கரையில் நடந்த கதை நமக்கெல்லாம் தெரியும். சமய வகுப்பில் முதலில் சொல்லித்தரும் கதைகளில் அதுவும் ஒன்று. அப்பா குளத்தில் மூழ்கிக் குளிக்கிறார். கரையில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை அவரைக் காணாமல் அழுகிறது. அம்மையப்பர் காட்சி கொடுக்கிறார்கள். அம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டுகிறாள். பிள்ளை திருஞானசம்பந்தர் ஆகிறார்.

இந்தக் கதையின் நடுவில் நாம் அவசரமாகத் தாண்டிப்போகிற ஒரு இடம் உண்டு. குளித்துவிட்டுக் கரையேறிய அப்பா, பிள்ளையின் வாயோரம் பால் வழிவதைப் பார்க்கிறார். உடனே கைகூப்பவில்லை. ஒரு குச்சியை ஓங்கிக்கொண்டு, யார் கொடுத்த பாலைக் குடித்தாய், காட்டு என்று அதட்டுகிறார். பால் கொடுத்தது யார் என்று பிள்ளை கைநீட்டிக் காட்டிய பிறகுதான் அவர் மனம் அடங்குகிறது.

கொடுத்தவள் உலகத்துக்கே தாய். அப்படியிருந்தும் பெரியபுராணம் அந்த அப்பாவைக் குறை சொல்லவில்லை. தான் பார்க்காத நேரத்தில் பிள்ளையின் வாயில் யார் எதை ஊட்டினார்கள் என்று கேட்பது பெற்றவரின் கடமை. அதில் வெறுப்பு எதுவும் இல்லை.

கோடை விடுமுறையில் கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் போகும் கிறிஸ்தவ மிஷன் குழுக்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பாவின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. நம் இளைஞர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ரெண்டே பதில்தான். ஒன்று, “மதம் மாத்த வர்றாங்க, விரட்டி விடணும்.” இன்னொன்று, “பிள்ளைங்களுக்கு நல்லதுதானே செய்றாங்க, விடுங்களேன்.” இரண்டுமே யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் பதில்கள். எது சரி, எது தவறு, ஏன் தவறு என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளவேண்டும். ‘விடுமுறை வேதாகமப் பள்ளி’ என்பது முழுப்பெயர். தமிழ்நாட்டில் ‘வி.பி.எஸ்.’ என்றால் எல்லாருக்கும் தெரியும். இதன் தொடக்கத்தை 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் ஹாவ்ஸ் என்ற பெண்மணி செய்த வேலையோடு சேர்த்துச் சொல்வார்கள். கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள் தெருவில் அலைவதைப் பார்த்து, பீர் விற்கும் கூடமொன்றை வாடகைக்கு எடுத்து அவர்களுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தந்தார். தெருவில் கிடந்த பிள்ளைகளை ஒருத்தி கவனித்திருக்கிறாள். அதை மதிக்காமல் இருக்க முடியாது.

இன்று அந்த முறை உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஐந்து முதல் பத்து நாள். கைகால் ஆட்டிப் பாடும் பாட்டு, பொம்மலாட்டம், பைபிள் கதை, படம் வரைதல், விளையாட்டு, தின்பண்டம். தினம் ஒரு வசனம் மனப்பாடம். ஒப்பித்தால் பரிசு. சில குழுக்கள் எழுத்தே இல்லாத ஒரு வண்ணப் புத்தகத்தையும் பயன்படுத்துவார்கள். கறுப்புப் பக்கம் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை தூய்மை. 1866-ல் இலண்டன் போதகர் ஸ்பர்ஜன் சொன்ன மூன்று பக்கத்துக்குப் பிறகு மற்றவர்கள் வேறு வண்ணங்களையும் சேர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

நான் இதை நேரில் பார்த்தது முசிறிப் பக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதான் மலாயாவுக்கு ரப்பர் மரம் வெட்ட வந்தார். சொந்தம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஒரு மே மாதம் அம்மாவோடு அங்கே போயிருந்தேன். கத்திரி வெயில். காலனித் தெருவில், வேப்ப மரத்தடியில் சாமியானா போட்டு வி.பி.எஸ். நடந்துகொண்டிருந்தது. ஊரைத் தாண்டித் தள்ளியிருக்கும் தலித் மக்கள் குடியிருப்பைத்தான் அங்கே ‘காலனி’ என்பார்கள். நகரத்துக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அறுபது எழுபது பிள்ளைகள் இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாணவர்கள் உழைத்தார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினார்கள். மத்தியானம் பிள்ளைகளோடு அதே பாயில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள்.

ஏன் மே மாதம், ஏன் மத்தியானச் சோறு என்பதையும் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகளுக்குச் சத்துணவு உண்டு. பள்ளி மூடினால் அந்தச் சோறு இல்லை. பெற்றோர் விடிந்ததும் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் ஆள் இல்லை, பள்ளியில் சோறு இல்லை, வெளியே வெயில். அந்த நேரத்தில்தான் சாமியானா வருகிறது.

அங்கே ஒரு அக்காவிடம் பேசினேன். அவர் மகளுக்கு எட்டு வயது. நான் கேட்காமலேயே சொன்னார்: “தம்பி, இந்த ஒரு வாரமா எம்புள்ள சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வருது. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க.” கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா நேத்து பொட்டு வைக்கப் போனா, வேணாம்மான்னு தலைய திருப்பிக்குது. யாரு சொன்னான்னு கேட்டா, அந்த அக்கா சொன்னாங்கன்னு சொல்லுது. எங்க அம்மா வெச்சு விட்ட பொட்டு தம்பி, நான் வெச்சு விடுறேன்.”

“நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களாக்கா?” என்றேன்.

“எப்படிக் கேக்குறது? அவங்கதானே சோறு போடுறாங்க.”

நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. சீர்காழியில் அந்த அப்பாவால் குச்சியை ஓங்கிக்கொண்டு கேட்க முடிந்தது. இந்த அக்காவால் கேட்க முடியவில்லை. சாப்பிட்ட சோறு வாயை அடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த மாணவர்களில் ஒரு பெண்ணிடமும் பேசினேன். சண்டைக்குப் போகவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலயேண்ணா. எங்களுக்குக் கிடைச்ச சந்தோஷத்த இந்தப் பிள்ளைங்களுக்கும் குடுக்குறோம், அவ்வளவுதான்.” அவர் பொய் சொல்லவில்லை. தன் சொந்த விடுமுறையை விட்டுவிட்டு, வியர்வையில் நனைந்து நின்ற பெண். அவர் மனதைச் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் மனம் நல்லது என்பதாலேயே செயல் நியாயமாகிவிடுமா? ‘கட்டாயம்’ என்றால் கையைப் பிடித்து இழுப்பது மட்டும்தானா? பசித்த எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் சோறும் பரிசும் பாட்டும் அன்பும் ஒரே தட்டில் வருகிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? பெரியவருக்குத் தெரியும். “சாப்பாட்டுக்கு நன்றி, சாமி விஷயம் நான் யோசிச்சு சொல்றேன்” என்பார். பிள்ளைக்கு அது வராது. தன்னைக் கொஞ்சியவர் சொன்னதையெல்லாம் பிள்ளை நம்பும். அதனால்தான் அது பிள்ளை.

இது அவர்களுக்கும் தெரியாத விஷயம் இல்லை. நான்கு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பருவத்தை ‘4/14 ஜன்னல்’ என்று மிஷன் உலகில் சொல்வார்கள். 2009 முதல் லூயிஸ் புஷ் என்பவர் அதை ஒரு உலக இயக்கமாகவே முன்னெடுத்தார். மனம் திறந்திருக்கும் வயது இது, இந்த வயதில்தான் சேரவேண்டும் என்பது கணக்கு. இதில் எனக்கு உறுத்துவது, பிள்ளையின் மறுக்கத் தெரியாத தன்மையே ஒரு வசதியாகப் பார்க்கப்படுவதுதான்.

அப்படியானால் பிள்ளைகளுக்குச் சமயமே சொல்லித்தரக் கூடாதா? நாம் அப்படிச் சொல்ல முடியாது. மூன்று வயதில் பதிகம் பாடிய பிள்ளையைக் கும்பிடுகிறவர்கள் நாம். பேசத் தொடங்கும் முன்பே நெற்றியில் திருநீறு பூசுகிறவர்கள். பிள்ளை வீட்டின் மடியில் வளர்கிறது. வீட்டின் மொழியும் சாமியும் அதற்குச் சேர்ந்தே கிடைக்கின்றன. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் அப்படித்தான், அது அந்தப் பிள்ளையின் உரிமை. ஆக, தவறு சமயம் சொல்லித்தருவதில் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல், வீட்டைத் தாண்டி, வீட்டுக்கு எதிராகச் சொல்லித்தரும்போதுதான் அது தவறாகிறது.

“அந்த அம்மாதானே பிள்ளையை அனுப்பினாங்க” என்று கேட்கலாம். விளையாடவும் சாப்பிடவும் அனுப்பினார். அதற்குக் கொடுத்த சம்மதம் பொட்டை அழிப்பதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதை முழுசாகச் சொல்லி, அதைக் கேட்டும் ஒரு தாய் சரி என்றால், நாம் குறுக்கே நிற்க ஒன்றுமில்லை. அதேபோல, வளர்ந்த ஒருவர் படித்து யோசித்து வேறு வழியில் போகிறேன் என்றாலும் அது அவர் உரிமை. எனக்கு வருத்தம் இருக்கலாம். தடுக்க அதிகாரம் இல்லை.

மலேசியாவில் நமக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் விதி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்யவேண்டும் என்கிறது. இந்திரா காந்தி வழக்கு நமக்கு மறக்காது. தாய்க்குத் தெரியாமல் 2009-ல் மூன்று பிள்ளைகளின் சமயம் மாற்றப்பட்டது. ஒன்பது வருஷம் நீதிமன்றப் படியேறிய பிறகு, 2018 ஜனவரி 29-ஆம் தேதி, பெற்றோரில் ஒருவர் மட்டும் செய்த அந்த மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்று நாமெல்லாம் அந்தத் தாயின் பக்கம் நின்றோம். “பெத்தவளைக் கேட்காம எப்படி?” என்றோம். அதே கேள்விதான் முசிறி அக்காவுக்கும். புத்ராஜெயா நீதிமன்றத்தில் ஒரு நியாயம், வேப்ப மரத்தடியில் வேறு நியாயம் இருக்க முடியாது.

இந்தியச் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. அங்கே 25-ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்புவது என்றால் தன் கொள்கையை எடுத்துச்சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது.

சட்டத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவ சபைகள் தாங்களே இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2011-ல் வத்திக்கானின் சமய உரையாடல் அவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் இடத்தில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று ஒரு நெறிமுறை வெளியிட்டன. சேவை செய்யும்போது பணமோ பரிசோ காட்டி ஈர்க்கக்கூடாது, ஏழ்மையைப் பயன்படுத்தக்கூடாது, சமயம் மாறுவதற்குப் போதுமான காலமும் முழுச் சுதந்திரமும் வேண்டும் என்பவை அதில் உள்ளன. அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் நாம் பேசவேண்டியது இதைத்தான். “உங்க பெரியவங்களே எழுதி வெச்சிருக்காங்க, பாருங்க” என்று பேசலாம். கல்லெறிய வேண்டியதில்லை.

இதுவரை அவர்களைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றி.

அந்த அக்கா இன்னொன்றும் கேட்டார். “ஊர்க் கோயில் தேரு எங்க தெருவுக்கு வந்ததே இல்ல தம்பி. உங்க ஆளுங்க யாரும் வந்து எங்க பாயில உக்காந்ததும் இல்ல. இவங்க வந்தாங்க.” குற்றம் சாட்டுகிற தொனியில் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

நந்தனாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அறுபத்துமூவரில் வைத்துக் கும்பிடுகிறோம். அவர்களுடைய தெருவுக்குத் தேர் போகாது என்றால், அந்தக் கும்பிடுக்கு என்ன பொருள்? பிள்ளை பசித்திருந்தபோது வராத நாம், பொட்டு அழிந்தபோது மட்டும் கொடி பிடித்துக்கொண்டு வந்தால், அந்தத் தாய் யாரை நம்புவாள்? மிஷன் குழு காலியாகக் கிடந்த இடத்தில்தான் சாமியானா போட்டது. அந்த இடத்தைக் காலியாக விட்டது நம் சமூகம்.

நம் வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1822-ல் பிறந்த ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர். அங்கேயே ஆசிரியராக இருந்து, பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். மிஷன்காரர்கள் எப்படிப் பிள்ளைகளை ஈர்க்கிறார்கள் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர். அவர் என்ன செய்தார்? 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சகம் வைத்தார். பிள்ளைகள் படிக்கப் பாலபாடம் எழுதினார். பள்ளிக்குப் பள்ளி, புத்தகத்துக்குப் புத்தகம். வாதத்தில் அவர் கடுமையானவர்தான். ஆனால் வாதத்தோடு நிற்கவில்லை, பிள்ளை உட்கார ஒரு இடமும் கட்டினார். சாதி விஷயத்தில் அவர் தன் காலத்தைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அவருடைய உழைப்பை எடுத்துக்கொள்வோம், அந்தக் குறையை விட்டுவிடுவோம்.

நாம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யப் போகிறோம் என்றால், மற்றவர்களுக்கு வைத்த அளவுகோல்தான் நமக்கும். நான் நான்கு கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, என்ன சொல்லித்தருகிறோம் என்று பெற்றோருக்கு முழுசாகத் தெரியுமா?

இரண்டு, பிள்ளை பாடாவிட்டாலும் கும்பிடாவிட்டாலும் அதே சோறு, அதே பரிசு, அதே அன்பு கிடைக்குமா?

மூன்று, வீட்டையும் அடுத்தவர் சாமியையும் இழிவாகப் பார்க்கக் கற்றுத்தருகிறோமா? நம் முகாம்களிலும் பிற சமயத்தைக் கேலி பண்ணிக் கைத்தட்டல் வாங்கும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். பொட்டு வேண்டாம் என்று சொல்வது தவறு என்றால், ஒரு கிறிஸ்தவ நண்பனின் சிலுவையைப் பார்த்துச் சிரிப்பதும் தவறுதான்.

நான்கு, முகாம் முடிந்த பிறகு திரும்பி வருவோமா? பத்து நாள் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்தப் பிள்ளை நமக்கு ஒரு படம் மட்டும்தான்.

இதெல்லாம் முசிறிக்கு மட்டும் இல்லை. இங்கே நம் தாமானிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பள்ளி விடுமுறையில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு தனியாகத்தான் கிடக்கிறார்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் விழா நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் அதில் பெரும்பாலும் யார் பாடுகிறார்கள்? கொண்டுவந்து விட அப்பாவிடம் கார் இருக்கும் பிள்ளைகள். கார் இல்லாத வீட்டுப் பிள்ளையை யார் போய்க் கூட்டி வருவது? அது நம் வேலை.

திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். தம்பி மருள்நீக்கியார் சமண சமயத்தில் சேர்ந்து, அங்கே தருமசேனர் என்று பெரிய பெயரும் எடுத்துவிட்டார். அக்கா திருவதிகைக் கோயிலில் தினம் அலகிட்டு மெழுகி, தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சூலைநோய் வந்து தம்பி துடித்தபோது, போவதற்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் அக்கா இருந்தார். கேள்வி கேட்டுத் துளைக்காமல் திருநீறு கொடுத்தார். நாவுக்கரசர் நமக்குத் திரும்பக் கிடைத்தது அந்த வாசல் திறந்திருந்ததால்தான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் மண்டபம் பகலில் சும்மாதான் பூட்டிக் கிடக்கும். தலைவரிடம் சாவி கேளுங்கள். ஐந்து பேர் சேருங்கள். வீடு வீடாகப் போய், என்ன செய்யப் போகிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வீட்டுப்பாடத்துக்கு உதவுங்கள், கதை சொல்லுங்கள், தேவாரம் பாடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்தத் தெருவுக்கு யாருமே போவதில்லையோ, அந்தத் தெருவிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் அம்மா வந்து “என் பிள்ளைக்கு என்னப்பா சொல்லித் தர்றீங்க?” என்று கேட்டால், எரிச்சல் படாமல் பாயை விரித்து உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள்.